ஐயாவுக்கு வந்த மிஸ்கோல்

ஐயா குளித்து முடித்து, கிணற்றுக் கட்டில் கிடந்த சட்டையை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறினார். பைக்குள் இருந்த போன் பறந்துபோய்ச் சீமெந்தில் விழுந்தது. சட்டையை உதறுகிற மனிசன் பைக்குள் என்ன இருக்கிறதென்று ஒருக்கால் தடவிப் பார்க்கமாட்டாரா? அதைத்தான் நானும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"விழுந்தது போன்தானே, நான் இல்லையே. ஏன் இப்ப குளறுறாய்?" என்றார்.

போன் முழுதாகச் செத்துவிடவில்லை. மணி அடித்தது. பச்சைப் பட்டனை அமத்தினால் கதைக்கவும் முடிந்தது. ஆனால் திரை போய்விட்டது. வெறும் வெளிச்சம் வரும், எழுத்து ஒன்றும் வராது. இலக்கப் பட்டன்களிலும் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. வேறு போன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். கேட்கிற ஆளா அவர்? அது என் தங்கச்சி வாங்கிக் கொடுத்த போன். வவுனியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்து, முதல் முதல் மிச்சம் பிடித்த காசில் தனக்கொன்றும் ஐயாவுக்கொன்றுமாக ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினாள். "சின்னவள் தந்த போன் இருக்கேக்க எனக்கென்னத்துக்கு வேற?" என்றார் ஐயா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாங்கள் பரந்தன் ஆட்கள். இடம்பெயர்ந்து, நெளுக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா அதற்கு முதலே போய்விட்டா. நான் சமாதான காலத்தில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து, பிறகு வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை போட்டேன். கொமினிகேசன் என்று போர்டு. வெளிநாட்டுக் கோல், போனுக்குக் காசு போடுகிற ரீலோட், போட்டோக் கொப்பி, கடிதம் அடித்துக் கொடுப்பது, எல்லாம் நான்தான். ஐயா காலையில் என்னோடு பஸ்ஸில் வந்து கடைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பார். வருகிற ஆட்களோடு கதைப்பார். என் வேலையில் பிழை பிடிப்பார்.

தங்கச்சி ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அங்கால, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த புளியங்குளத்துப் பக்கம் இருந்தாள். பாதை திறந்திருந்த நாட்களில் அந்தப் பக்கத்துப் பெடியன் ஒருவன் புடவைக் கடைக்குச் சாமான் எடுக்க வருவான். அவனையே கட்டப் போகிறேன் என்று நின்றாள். ஐயாவுக்குத் துளியும் விருப்பமில்லை. அவன் வயல் செய்கிற கமக்காரன் என்பதால் அல்ல. அங்கால போனால் திரும்பி வருவது எப்போது என்று தெரியாது, அதுதான். "என்ர பிள்ளையைக் கொண்டுபோய் அங்க வைச்சிருந்தால் நான் எப்பிடிப் பாக்கிறது?" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கடைசியில் அவரேதான் முன்னுக்கு நின்று தாலி எடுத்துக் கொடுத்தார்.

அவள் போன பிறகு, ஓமந்தையைத் தாண்ட எடுக்கிற பாஸ் பிரச்சினை கூடிவிட்டது. வந்து போவது நின்றுபோனது. அவளுடைய வீட்டில் சிக்னல் கிடையாது. குளக்கட்டில் ஏறி ஒரு குறிப்பிட்ட பாலை மரத்துக்குக் கீழ் நின்றால் வவுனியாச் சிக்னல் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். கதைக்க ஏலாது, குரல் உடைந்து உடைந்து போகும். "ஹலோ, ஹலோ, கேக்குதோ?" என்று இரண்டு பக்கமும் கத்தினதுதான் மிச்சம். மெசேஜ் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அங்கால ரீலோட் எடுப்பதும் கஷ்டம் என்பதால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மெசேஜ் கிடைத்தால் அவள் ஒரு மிஸ்கோல் தருவாள். இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணினால் கிடைத்துவிட்டது, எல்லாம் சரி என்று அர்த்தம். எங்கள் ஊர்களில் பாதிச் சீவியம் அப்போது மிஸ்கோலில்தான் ஓடியது. பஸ்ஸால் இறங்கினால் மிஸ்கோல், வீட்டுக்கு வந்து சேர்ந்தால் மிஸ்கோல், கோபம் என்றால் மட்டும் மிஸ்கோல் இல்லை.

போன் உடைந்ததும் எனக்கு அந்த சீடி ஞாபகம் வந்தது. போன் வாங்கினபோது பெட்டிக்குள் ஒரு வயரும் ஒரு சீடியும் இருந்தன. வயரைக் கொம்பியூட்டரில் கொழுவி, சீடியில் இருந்த மென்பொருளைப் போட்டேன். திரையில் போனின் படம் ஒன்று வந்தது. பெயர்கள், வந்த மெசேஜ், போன மெசேஜ், எல்லாம் பக்கத்தில் வரிசையாக வந்தன. கொம்பியூட்டரில் எழுதி அனுப்பு என்று அமத்தினால் போன் அனுப்பியது. கொம்பியூட்டரில் நம்பரை அடித்தால் போன் அந்த நம்பரை எடுத்தது. போனைக் காதில் வைத்துக் கதைக்க வேண்டியதுதான். குருடாகக் கிடந்த போன் மேசையில் இருந்து மினுங்கிக்கொண்டு, சொன்ன வேலையெல்லாம் செய்தது.

ஐயாவுக்கு அது பெரிய புளுகம், பெருமை. பரந்தனில் தொழிற்சாலையில் மெசின்களோடு நின்ற மனிசன் அவர். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், "இஞ்ச பாருங்கோ, போன் அங்க கிடக்கு, நான் இஞ்ச இருந்து ஓட்டுறன்" என்று காட்டுவார். அதைவிடப் பெரிய சந்தோசம், எழுத்து. அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. போன் திரையில் ஒன்றும் விளங்காது. கொம்பியூட்டரில் நான் எழுத்தைப் பெரிதாக்கி விட்டேன்.

முதலில் நான் எல்லோரும் செய்வதுபோல் இங்கிலீஸ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன். அவளும் எப்போதாவது காசு இருந்தால் அப்படியே இரண்டு சொல் பதில் போடுவாள். ஐயாவுக்கு இங்கிலீஸ் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் என்ன அடிக்கிறேன் என்று சந்தேகம். சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. அவர் பத்து வரி சொன்னால் நான் இரண்டு வரி அடிப்பேன்.

"நான் சொன்னது எல்லாம் போட்டியோ?"

"போட்டனான், போட்டனான்."

"மாடு கண்டுக்குட்டி போட்டதைப் போட்டியோ?"

"ஐயா, பக்கத்து வீட்டு மாடு கண்டு போட்டது அவளுக்கு என்னத்துக்கு?"

"அவளுக்கு அந்த மாட்டில உயிர். போடடி."

ஒருநாள் கேட்டார், "இந்தக் கொம்பியூட்டரில நீ ஆக்களுக்குத் தமிழில கடிதம் அடிக்கிறாய்தானே? பிறகேன் என்ர பிள்ளையோட நான் இங்கிலீசில கதைக்கவேணும்?"

சரி, முயற்சி செய்து பார்ப்போம் என்று தமிழில் அடித்தேன். போனது. போன மெசேஜ் பெட்டியில் அழகாகத் தமிழில் நின்றது. போய்ச் சேர்ந்தது என்ற அறிவித்தலும் வந்தது. பின்னேரம் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. கொம்பியூட்டரைப் பார்த்தோம். திரையில் அவளுடைய பெயர். ஐயா கதிரையில் இருந்து எழும்பி நின்று சிரித்த சிரிப்பை இப்போதும் நான் காண்கிறேன்.

அதற்குப் பிறகு தமிழ்தான். கிழமையில் இரண்டு மூன்று மெசேஜ் போகும். ஐயா சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்; அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எழுத்து எழுத்தாகச் சரி பார்ப்பார். அனுப்பு என்ற இடத்தை அமத்துவது மட்டும் அவருடைய உரிமை. அவளிடம் இருந்து எழுத்தில் பதில் வருவது நின்றுவிட்டது, மிஸ்கோல் மட்டும் தவறாமல் வந்தது. ரீலோட் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தோம். அங்கால சாமான் ஏற்றிக்கொண்டு போய்வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். அவரிடம் விசாரித்து வரச் சொன்னோம்.

அவர் வந்து என்னைப் பார்த்து, "தங்கச்சி, உங்கட தங்கச்சியைக் கண்டனான். நல்ல சுகம். முழுகாமல் இருக்கிறா" என்றார். பேரப்பிள்ளை வரப்போகுது என்று ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயாட மெசேஜ் எல்லாம் வருகுதாம். ஒண்டும் அழிக்காமல் வைச்சிருக்கிறாவாம். சொல்லச் சொன்னவா."

இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கு முழுவதும் ஐயா போகிற வருகிற எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் பிறந்த கையோடு நிலைமை மாறத் தொடங்கியது. ஷெல் சத்தம் இரவு பகலாக வவுனியாவுக்குக் கேட்டது. லொறிகள் நின்றன, வியாபாரியும் போவதில்லை. ஓமந்தைப் பாதையையும் முழுதாகப் பூட்டப் போகிறார்களாம் என்று சனம் கதைத்தது. அங்கால இருந்து வர பாஸ் எடுப்பது லேசில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி, ஆஸ்பத்திரிக்கு என்றால் விடுகிறார்கள் என்று வந்த ஆட்கள் சொன்னார்கள். ஐயா அன்றைக்குப் பேப்பர் பார்க்கவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"அடி பிள்ளை" என்று தொடங்கி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. 'பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லிப் பாஸ் எடு. வாற வெள்ளிக்கிழமை ஓமந்தைக்கு வா. நான் வந்து நிற்பன். பிறகு பாதையைப் பூட்டிப்போடுவாங்கள். பயப்படாதை. உன்னைப் பாக்கிறதுக்கு அக்கா இருக்கிறாள். கட்டாயம் வா.'

திங்கட்கிழமை அனுப்பினோம். அடுத்த நாள் மத்தியானம் மிஸ்கோல் வந்தது. இரண்டு தரம் அடித்து நின்றது. "சரி, வாறாள்" என்றார் ஐயா. வீட்டுக்குப் போய் முன்னறையை ஒதுக்கினோம். அயலில் ஒரு தொட்டில் இரவல் வாங்கி வந்து கழுவிக் காயப் போட்டார். அரிசி மா வறுத்து வைக்கச் சொல்லி என்னைக் கரைச்சல்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை விடியப் போனவர் பொழுதுபட வந்தார். தனியாக வந்தார். வெயிலில் நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. குடித்த தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. "வருகிற ஆக்கள் எல்லாம் வந்து முடியும்வரைக்கும் நிண்டனான். வயித்துப் பிள்ளையோட வேற பெட்டையள் வந்தவை. இவள் வரேல்ல" என்றார். வெள்ளிக்கிழமை ஏதோ தடங்கலாக இருந்திருக்கும் என்று மறுநாள் சனிக்கிழமையும் போனார், அதன் பிறகும் போனார். அவள் வரவேயில்லை. மெசேஜ் கிடைத்தது, சரி என்று மிஸ்கோல் தந்தாள், வரவில்லை. அவளுடைய மனிசன் விட்டிருக்கமாட்டான் என்றேன் நான். எனக்கும் கோபம்தான். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு இவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லையே என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக ஐயா, "அடி" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'நீ இனி எனக்குப் பிள்ளை இல்லை. தகப்பன் வெயிலில நிண்டு செத்தாலும் உனக்குக் காரியமில்லை. அவனோடேயே கிட. இனி என்ர வாசலுக்கு வராதை.'

"ஐயா, இது வேண்டாம். உங்கட வாயால இப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றேன்.

"நீ எழும்பு" என்றார். அனுப்பு என்ற இடத்தைத் தேடி அவரே அமத்தினார். பிறகு வெளியே போய் வெற்றிலைக் கடைக்கு முன்னால் நின்றார்.

இரண்டு நாள் கழித்து போன் அடித்தது. இரண்டு தரம் அடித்து நின்றது. திரையில் அவளுடைய பெயர். அந்த மெசேஜுக்கும் மிஸ்கோல்! ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாத்தியே திமிரை" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவள் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, சரி ஐயா வரமாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே சமாதானமாக ஒன்று எழுதச் சொன்னார். 'நான் கோவத்தில சொன்னது. வா பிள்ளை.' அனுப்பினோம். அது போய்ச் சேரவில்லை. அடுத்ததும் சேரவில்லை. புளியங்குளத்துச் சனம் இடம்பெயர்ந்து வடக்கே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் எப்படிச் சீவித்தோம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று இடங்களின் பெயர் மட்டும் ரேடியோவில் மாறியது. ஐயா ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்ததும் போனை வயரில் கொழுவச் சொல்வார். 'சுகமாய் இருக்கிறியே பிள்ளை' என்று ஒரு வரி. அனுப்புவார். நிலுவையில் என்று நிற்கும். நானும் கத்திப் பார்த்தேன். சிக்னல் இல்லாத இடத்துக்கு மெசேஜ் எப்படிப் போகும், ஏன் இப்படி உங்களையும் வருத்தி என்னையும் வருத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றைத்தான் சொல்வார்: "நான் வராதையெண்டு சொன்னதாலதான் அவள் அங்கயே நிண்டிட்டாள். நான் சொன்னதை நான்தான் மாத்தவேணும்." சாப்பாட்டுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு இதைச் சொல்வார். நடந்து போகும்போது நின்று இதைச் சொல்வார். சண்டை, ஷெல், பதுங்குகுழி எல்லாம் அவருக்குப் பிறகுதான். அவள் வராததற்குக் காரணம் தன் வாய் என்று முடிவு கட்டிவிட்டார்.

சண்டை முடிந்து, சனத்தை எல்லாம் கொண்டுவந்து செட்டிகுளத்துப் பக்கம் முகாம்களில் விட்டார்கள். வவுனியா முழுவதும் தன் தன் ஆட்களைத் தேடியது. நாங்களும் தேடினோம். கேட்காத ஆள் இல்லை, போய் நிற்காத கந்தோர் இல்லை. ஒரு தகவலும் இல்லை.

ஒரு காலை. நான் போட்டோக் கொப்பி மெசினில் நின்றேன். ஐயா, "பிள்ளை, இஞ்ச ஏதோ வந்து வந்து போகுது" என்றார். எட்டிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தது. கடைசியாக அனுப்பின மெசேஜ்கள் ஒவ்வொன்றாக அவளுடைய போனுக்குப் போய் விழுந்துகொண்டிருந்தன. "ஐயோ ஐயா, அவள் போனைப் போட்டிட்டாள்!" என்று கத்தினேன். கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். நாங்கள் கத்தி முடிக்க முதல் மேசையில் கிடந்த போன் அடித்தது. இரண்டு தரம் அடித்து நின்றது.

ஐயா குந்தி இருந்து அழுதார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "தந்திட்டாள், மிஸ்கோல் தந்திட்டாள்" என்று அவர் சொன்னதையே சொன்னார். முன்பின் தெரியாத ஒரு மனிசி எங்கள் இரண்டு பேரின் தலையையும் தடவினா.

பிறகு நான் கொம்பியூட்டரில் அவளுடைய பெயரை அமத்தி, போனைக் காதில் வைத்தேன். கனநேரம் அடித்தது. எடுத்தது. அவளுடைய குரல் இல்லை.

"அக்கா இல்லை" என்றது ஒரு பெட்டையின் குரல், மிகவும் மெதுவாக. "நீங்கள் அக்காட அக்காவோ? இஞ்ச போன் வைச்சிருக்க விடமாட்டினம், கனக்கக் கதைக்கேலாது. நேரில வாங்கோ." தன் பெயரையும் முகாமின் இலக்கத்தையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னவாம்? எங்க நிக்கிறாளாம்?" என்று ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முகாமிலயாம். வரட்டாம்" என்றேன். எடுத்தது வேறு ஆள் என்று சொல்லாமல் கடையைப் பூட்டினேன்.

சொந்தக்காரரைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க அப்போது விடத் தொடங்கியிருந்தார்கள். பெயர் பதிந்து, வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே கூப்பிட்டு அனுப்பி, ஒரு மெலிந்த பெட்டை இடுப்பில் ஒரு பிள்ளையோடு வேலிக்கு வந்தாள். பிள்ளையைக் கண்டதும் ஐயா கையை நீட்டினார். "இது என்ர பிள்ளை ஐயா" என்றாள் அவள். பிறகு சொன்னாள். கடைசிக் காலத்தில் முள்ளிவாய்க்காலில் அவளும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழி. தங்கச்சியின் மனிசன் அதற்கு முதலே காணாமல் போய்விட்டான். தங்கச்சியும் பிள்ளையும் ஒன்றாகத்தான் போனார்கள். இந்தப் பெட்டைதான் மண் போட்டு மூடினாளாம்.

ஐயா ஒரேயொரு கேள்வி கேட்டார். "பிள்ளை ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"பொம்பிளைப் பிள்ளை ஐயா. நடக்கத் தொடங்கினவா."

அவர் தலையை ஆட்டினார். அப்படியே திரும்பி நடந்துபோய்ச் செம்மண் புழுதியில் இருந்துவிட்டார். நான் அவரிடம் ஓடப் போக, அந்தப் பெட்டை என் கையைக் கம்பிக்குள்ளால் பிடித்தாள்.

"அக்கா, இந்தப் போனை அவா பொலித்தீனில சுத்தி இடுப்பில வைச்சிருந்தவா. சார்ஜ் இருக்கும்வரைக்கும் எடுத்து எடுத்துப் பாப்பா. நான் ஒருநாள் எட்டிப் பாத்தன். எழுத்தே இல்லை, வெறும் கட்டம் கட்டமா வரிசையாக் கிடந்தது. என்னக்கா இது எண்டு கேட்டன். 'ஐயாட மெசேஜ். முந்தி அக்கா அடிச்சு அனுப்பினவா, இப்ப ஐயாவே அனுப்பிறார் போல. ஐயாவுக்குப் போனில எழுதத் தெரியாது, சும்மா பட்டனை அமத்தி அமத்தி அனுப்பிறார். கட்டம் வந்தால் ஐயா சுகமா இருக்கிறார் எண்டு அர்த்தம். நான் ஒரு மிஸ்கோல் குடுத்தால் அவருக்குச் சந்தோசம்' எண்டு சிரிச்சவா. அதுதான் இஞ்ச வந்து ஒருத்தரிட்டக் குடுத்துச் சார்ஜ் பண்ணிப் போட்ட உடன, கட்டம் கட்டமா வந்து விழுந்திச்சுது. எனக்குக் காசு இல்லை. மிஸ்கோல் மட்டும் குடுத்தனான்."

நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டுப் பையை வாங்குகிற சாட்டில், ஒரு பால்மாப் பைக்குள் சுற்றிய போனை என் கைக்குள் வைத்தாள். "ஐயாவைக் கவனமாப் பாருங்கோ" என்றாள். தன் மனிசனை இன்னும் தேடிக்கொண்டிருந்தவள் அவள்.

பஸ்ஸில் ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மடிக்குள் வைத்துப் போனைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். கட்டம், கட்டம், கட்டம். ஒரு எழுத்துக்கூட இல்லை. அந்தப் போனில் தமிழ் வராது. ஐயாவின் போனிலும் வந்திருக்காது. அதன் திரை நல்லாக இருந்திருந்தால் முதல் நாளே நாங்கள் கண்டிருப்போம். எங்களுக்குக் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் அழகாகத் தமிழில் காட்டியது. அந்தக் கொம்பியூட்டரைத் தூக்கி ரோட்டில் அடிக்கவேண்டும் போல் இருந்தது எனக்கு. போன் செய்தவனை, மென்பொருள் எழுதினவனை, பாதை பூட்டினவனை எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அவளையும் திட்டினேன். எடியே விசரி, ஐயா கட்டம் கட்டமாக அனுப்புகிறார் என்று அந்த வியாபாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதா? தகப்பன் வெட்கப்படுவார் என்று நினைத்தாளோ என்னவோ. அப்படி நினைக்கக்கூடியவள்தான் அவள்.

ஐயாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். சொல்லி என்ன வரப்போகிறது?

செத்தவீட்டுக் காரியம் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. எட்டாம் நாளுக்குப் படைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். ஐயாவும் வந்தார். வந்து இருந்ததும், "சின்னவளின்ர போனைக் கொழுவு" என்றார். வேண்டாம் என்றேன். "கொழுவு பிள்ளை" என்றார். ஒரே மாதிரிப் போன், அதே வயர். கொழுவினேன். போனில் கட்டமாகக் கிடந்ததெல்லாம் கொம்பியூட்டரில் தமிழாக வந்து நின்றது. மாடு கண்டு போட்டது, கிணறு இறைத்தது, அக்கா கத்தினது, எல்லாம் இருந்தன. ஒன்றையும் அவள் அழிக்கவில்லை.

"எல்லாம் வைச்சிருக்கிறாள்" என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு கீழே வந்தார். வாசித்துக்கொண்டு வந்தவர் நின்றார். 'நீ இனி எனக்குப் பிள்ளை இல்லை.'

"இதையும் வைச்சிருக்கிறாள்" என்றார். பிறகு கையால் நெற்றியில் அடிக்கத் தொடங்கினார். "இதை வாசிச்சுப்போட்டுத்தானே அங்க நிண்டவள்! நானெல்லோ வராதையெண்டனான்! பெத்த பிள்ளையையும் பேத்தியையும் நானெல்லோ சாகக் குடுத்தனான்!"

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "ஐயா, அவள் அதை வாசிக்கேல்ல! சத்தியமா வாசிக்கேல்ல! அவள்ட போனில தமிழ் வராது. கட்டம் கட்டமாத்தான் வந்தது. நீங்கள் சும்மா பட்டனை அமத்தி விளையாடுறீங்கள் எண்டு நினைச்சவளாம். கட்டம் வந்தால் ஐயா சுகம் எண்டு சொல்லிச் சிரிச்சவளாம். அந்தப் பெட்டை சொன்னவள்."

ஐயா என்னைப் பார்த்தார். "அப்ப நான் ஏசினது அவளுக்குத் தெரியாதோ?"

"தெரியாது ஐயா. ஒரு எழுத்தும் தெரியாது. நீங்கள் சுகமாயிருக்கிறீங்கள் எண்டுதான் மிஸ்கோல் தந்தவள்."

"தெரியாது" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். "என்ர குஞ்சு. தெரியாது அவளுக்கு." ஒரு வருடத்துக்கு மேல் அவருடைய நெஞ்சில் கிடந்த பாரம் இறங்குவதைக் கண்ணால் கண்டேன். சால்வையால் முகத்தைத் துடைத்தார். தேத்தண்ணி ஒன்று வாங்கிவரச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு மிடறு குடித்தார்.

பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பக் கொம்பியூட்டரைப் பார்த்தார். அந்த மெசேஜுக்கு மேலே இருந்ததை அமத்தினார். பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லிப் பாஸ் எடு. வாற வெள்ளிக்கிழமை ஓமந்தைக்கு வா. இந்த முறை சத்தம் போட்டு வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடைசிச் சொல் வரைக்கும் போய், திரும்ப முதலில் இருந்து வாசித்தார்.

"அப்ப இதையும்" என்றார்.

நான் வயரைக் கழற்றக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை.

"நான் அங்க வந்து நிண்டது அவளுக்குத் தெரியாது" என்றார் ஐயா.